குறுணல் அரிசியிலிருந்து வீட்டிலே அப்பம் சுடுதல்

நெல்லைக் குற்றும்போது ஒரு பங்கு அரிசி உடைந்து குறுணலாகின்றது. சந்தையிலே அதற்கு முழு அரிசியின் விலை கிடைப்பதில்லை. ஆகவே கமக்காரர் பலர் அதனைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு, காலை உணவுக்குக் கோதுமை மாவைக் காசு கொடுத்து வாங்குகின்றனர். கோதுமை பிற நாடுகளிலிருந்து வருவது. 2022 ஆம் ஆண்டிலே அதன் மாவின் விலை திடீரென உயர்ந்தபோது, வாங்கிய மாவையே நம்பியிருந்த குடும்பங்கள் பெரிதும் இடருற்றன. அப்பத்துக்கு வேண்டிய அரிசியும் தேங்காயும் கமக்காரரின் வீட்டிலேயே உண்டு. மா செவ்வனே புளிக்கும் முறையை அறிந்துகொள்வதே வேண்டுவது.

அரிசியைத் தெரிதல்

பச்சையரிசியே அப்பத்துக்கு ஏற்றது. மா ஆக்குவதற்கு முழு அரிசியும் குறுணலும் ஒன்றே. பழைய அரிசி அதிக நீரை உறிஞ்சும். புது அரிசிக்கு நீரைக் குறைத்தல் வேண்டும். பூஞ்சணம் பிடித்த அரிசியை ஒருபோதும் உபயோகித்தலாகாது. பூஞ்சணத்தின் நஞ்சு புளிப்பினாலோ அடுப்பின் சூட்டினாலோ நீங்குவதில்லை. நெல்லை நன்றாக உலர்த்திச் சேமித்தலே இதற்குத் தக்க காப்பு.

வேண்டிய பொருள்கள்

பச்சையரிசி 2 சுண்டு, அன்றிறக்கிய கள் அரைக் கோப்பை, சீனி 2 தேக்கரண்டி, தேங்காய் 1, உப்பு வேண்டிய அளவு.

மாவைத் தயாரித்தல்

அரிசியைக் கழுவி நான்கு மணித்தியாலம் ஊறவிட்டு, நீரை வடித்து, ஈரம் சற்றுக் காய்ந்ததும் இடித்து அரிதட்டிலே அரித்துக்கொள்க. இடியப்பத்துக்குப்போல இம்மாவை வறுத்தலாகாது. அரித்தபின் எஞ்சும் கப்பியில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து, ஒரு கோப்பை நீரிலே கஞ்சியாகக் காய்ச்சுக.

இக்கஞ்சியைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. கோதுமை மாவிலுள்ள பசைத்தன்மை, புளிக்கும்போது எழும் வாயுவைப் பிடித்துவைக்கும். அரிசி மாவில் அப்பசை இல்லை. வெந்த கஞ்சியின் தடிப்பே வாயு வெளியேறாது தடுத்து, அப்பத்தின் நடுப்பகுதியை மெத்தென ஆக்குகின்றது.

புளிக்க வைத்தல்

கள்ளிலே மதுவம் எனப்படும் நுண்ணுயிர்கள் இயற்கையாகவே உள. அவை சீனியை உண்டு வாயுவை வெளிவிடுகின்றன. மாவைப் பொங்கச் செய்வது இவ்வாயுவே. இவை உயிருள்ளவையாதலால் கடுஞ்சூட்டில் இறந்துவிடும். எனவே கஞ்சி கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பின்னரே மாவையும் சீனியையும் கள்ளையும் அதனுடன் சேர்த்துப் பிசைதல் வேண்டும். கலவை தோசை மாவினும் சற்றுத் தடிப்பாயிருக்கட்டும். மிகுந்த உப்பு மதுவத்தின் வேலையைத் தாமதப்படுத்துமாதலால், உப்பைக் காலையிலே சேர்த்தல் நன்று.

சுண்ணாம்பிட்டு இறக்கிய கருப்பநீர் இதற்கு உதவாது. சுண்ணாம்பு புளித்தலைத் தடுக்கும். கள் கிடையாதவிடத்து, கடையில் விற்கும் உலர்ந்த மதுவம் (ஈஸ்ற்) அரைத் தேக்கரண்டியை இளஞ்சூட்டு நீரிற் கரைத்து ஊற்றலாம். முதல்நாட் கலவையில், உப்பும் பாலும் சேர்க்குமுன் எடுத்து மூடிவைத்த ஒரு கோப்பையும் போதுமானது. அதனை மறுநாளே உபயோகித்துவிடல் வேண்டும்.

கலவை பொங்குமாதலாற் பாத்திரத்தின் அரைப்பங்குக்கு மேல் நிரப்பாது மூடிவைக்குக. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போன்ற வெப்பமான இடங்களில் எட்டு மணித்தியாலம் போதும். நுவரெலியா போன்ற குளிர்ந்த இடங்களில் மேலும் சில மணித்தியாலங்கள் செல்லும். அங்கு பாத்திரத்தை அடுப்பங்கரையில் வைத்தல் நன்று. கலவை இருமடங்காகி, மேலே குமிழிகள் நிறைந்து, இனிய புளிமணம் வீசினால் அது பக்குவம். நடுவே அமிழ்ந்து கடும் நெடி வீசினால் காலம் கடந்துவிட்டது என்க.

சுடுதல்

தேங்காயைத் துருவி, முதற்பாலைத் தனியே எடுத்து வைக்குக. இரண்டாம் பாலையும் உப்பையும் கலவையிற் சேர்த்து, அகப்பையால் எளிதில் வார்க்கக்கூடிய பதமாக்குக. அப்பச்சட்டியைச் சூடாக்கி, நல்லெண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்து, ஓர் அகப்பை வார்த்து, சட்டியைச் சுழற்றுக. விளிம்பிலே மெல்லிய படையும் நடுவிலே தடித்த படையும் நிற்கும். பாலப்பமாயின் நடுவே ஒரு கரண்டி முதற்பால் விடலாம். பின் மூடி வேகவிடுக. மூடியின்மேல் சிரட்டைத் தணல் இட்டால் மேற்புறமும் நன்கு வேகும்.

குறைகளும் பரிகாரமும்

1. நடுவிற் கண்கள் விழாவிடின், புளிப்புப் போதாது. மேலும் ஒரு மணித்தியாலம் வைக்குக.

2. விளிம்பு எழாவிடின், கலவை தடிப்பு அல்லது சட்டியிற் சூடு குறைவு.

3. அப்பம் சட்டியில் ஒட்டினால், சட்டி பழகவில்லை. எண்ணெயுடன் தேங்காய்ப்பூவை அதிலே கருக வறுத்துத் துடைத்தெடுக்குக.

4. அப்பம் மஞ்சளித்துக் கசந்தால், அப்பச்சோடா மிகுந்துவிட்டது. புளிப்பு மிஞ்சியபோது மட்டும், சுடுவதற்குச் சற்று முன்பாக, ஒரு சிட்டிகை சேர்த்தாற் போதும்.

அடுத்த அறுவடையில் நெல்லைக் குற்றியதும் குறுணலைப் புடைத்துத் தனியே வைக்குக. விற்பதற்கு முன், வீட்டுக் காலை உணவுக்கு எவ்வளவு வேண்டுமெனக் கணக்கிடுக. சொற்ப விலைக்குப் போகும் அவ்வரிசியே, மா வாங்கச் செலவாகும் பணத்தை வீட்டில் நிறுத்தும்.