விவேக்கிலிருந்தே தொடங்குங்கள்

கேள்வி: டாக்டர், என் அம்மாவுக்கு வயது 68, இனிப்பு நீர் உண்டு. இன்ஃபுளுவென்சா ஊசி போடச் சொன்னால், “ஊசி போட்ட ரெண்டாம் நாளே விவேக் போயிட்டாரே” என்று நடிகர் விவேக்கைப் பற்றிப் புலனத்தில் வந்த பழைய காணொளியைக் காட்டுகிறார். தோட்டத்துப் பெரியவர்கள் பலரும் இப்படித்தான். கோயில் மண்டபத்தில் போட்டுக்காட்டத் தமிழில் நானே ஒரு காணொளி எடுக்கலாமா?
– வாசகி, சுங்கை பஞ்சாங்

பதில்: தாராளமாக எடுங்கள். விவேக் பேச்சைத் தவிர்க்காமல், அதிலிருந்தே தொடங்குங்கள்.

2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் அவர் கோவாக்சின் என்ற கோவிட் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டார். எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று கேமராக்கள் முன் வேண்டிக்கொண்டார். மறுநாள் மயங்கி விழுந்தார். 17-ஆம் தேதி விடியற்காலை மறைந்தார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் ஒன்று முழுக்க அடைபட்டிருந்ததாக மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். குழாயில் கொழுப்பு படிவது பல ஆண்டுகளாக நடப்பது. ஒரு நாள் ஊசியால் வருவதல்ல. இந்திய அரசின் ஆய்வுக் குழுவும் ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்றே முடிவு சொன்னது. ஆனால் அதற்கு மாதங்கள் ஆயின. அதற்குள் புரளி கடல் தாண்டிவிட்டது.

பெருந்தொற்றுக் காலத்தில் வந்த பிரசாரக் காணொளிகள் பலவற்றில் எனக்குள்ள வருத்தம் இதுதான்: பிரபலமானவர் சிரித்தபடி ஊசி போட்டுக்கொள்வார், “பயப்படாதீர்கள்” என்பார், முடிந்துவிடும். பயந்தவர் கேட்ட கேள்வி அப்படியே நிற்கும்.

உங்கள் காணொளியில் அம்மாவே அந்தக் கேள்வியைக் கேட்கட்டும். சுகாதாரக் கிளினிக் மிஸ்ஸி, அனுமதி பெற்று, பதில் சொல்லட்டும். எந்தக் கையில் போடுவார்கள், பிறகு எவ்வளவு நேரம் உட்காரச் சொல்வார்கள் என்று காட்டுங்கள். கை வலிக்கும், ஓரிரு நாள் லேசான காய்ச்சலும் வரலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முன்பு ஏதாவது ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். வழக்கமாகப் போடும் இன்ஃபுளுவென்சா ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. அதனால் ஊசியால் அந்த நோய் தொற்றாது. பாதுகாப்பு உண்டாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டும்.

“போட்டால் சளிக்காய்ச்சலே வராது” என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஒருவருக்கு வந்துவிட்டால் அடுத்த முறை மண்டபத்துக்கு யாரும் வரமாட்டார்கள். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குச் சளிக்காய்ச்சல் வந்தாலும் அது நிமோனியாவாக முற்றும் ஆபத்து ஊசியால் குறையும். அதைச் சொன்னால் போதும்.

இன்னொன்றையும் சேருங்கள். ஊசி போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், நெஞ்சை அழுத்துவதுபோல் வலித்து வியர்த்தால், வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காமல் 999-ஐ அழைக்க வேண்டும்.