மருத்துவச்சிக்குப் பயிற்சி போதுமா?

பிள்ளைப்பேற்றுக்குத் துணை நிற்கும் கிராமத்துப் பெண்ணை நாம் மருத்துவச்சி என்கிறோம். வடநாட்டார் தாயி என்பர். நம் சொல்லில் மருத்துவம் இருக்கிறது. ஆனால் அவளுக்கு மருத்துவருக்குரிய மதிப்பு எங்கும் கிட்டியதில்லை. தொப்புள்கொடி அறுப்பதும் நஞ்சு எடுப்பதும் தீட்டு என்று கருதி, அத்தொழிலைத் தாழ்த்தப்பட்ட குடியினர் தலையில் சுமத்திய ஊர்கள் வட இந்தியாவில் பல. கூலி சிறிது தானியமும் ஒரு சேலையுமே. இத்தகைய பெண்ணுக்குப் பயிற்சி தந்தால் தாயைக் காக்க முடியுமா?

மராட்டிய நாட்டில், இன்று அகல்யாநகர் எனப் பெயர் மாறியுள்ள அகமதுநகர் மாவட்டத்தில், ஜாம்கேட் என்றோர் ஊர் உண்டு; அடிக்கடி மழை பொய்க்கும் வறண்ட பகுதி. 1970-ல் ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே என்னும் மருத்துவத் தம்பதியர் அங்கே இலாபம் கருதாத சுகாதாரத் திட்டம் ஒன்றைத் தொடங்கினர். இருவரும் நம் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்கள். முதலில் படித்த செவிலியரைத்தான் கிராமங்களுக்கு அனுப்பினர். வெளியூரிலிருந்து வந்தவரிடம் கிராமத்துப் பெண்கள் மனம் திறக்கவில்லை. பின்னர் அந்தந்த ஊராரே தேர்ந்த பெண்களுக்குப் பயிற்சி தரலாயினர். அவர்களுள் எழுத்தறியாதார் பலர். தாழ்த்தப்பட்ட வகுப்பினர் பலர். கணவரால் கைவிடப்பட்டோரும் இருந்தனர். ஆரோலே தம்பதியருக்கு 1979-ல் மகசேசே விருது கிடைத்தது. ஆனால் நேற்றுவரை தீண்டத்தகாதவள் என ஒதுக்கப்பட்டவளை மேற்குடியார் தம் வீட்டுப் பிரசவ அறைக்கே அழைத்தார்களே, அதையே பெரிய சாதனை என்பேன்.

இத்தகைய பயிற்சியில் என்ன கற்பிக்கின்றனர்? அடிப்படைப் பாடம் தூய்மை: கை, பிள்ளை பெறும் இடம், கொடி அறுக்கும் பிளேடு, அதைக் கட்டும் நூல், அறுத்தபின் எஞ்சும் கொடியின் முனை ஆகிய ஐந்தும் தூய்மையாக இருத்தல் வேண்டும். துருப்பிடித்த அரிவாளால் கொடியை அறுப்பதாலும், அறுத்த முனையில் சாணம் பூசுவதாலும் ரண ஜன்னி கண்டு பச்சிளங் குழந்தைகள் மாண்டன. ஒரு புதிய பிளேடு, ஒரு துண்டுச் சோப்பு: உயிர் காக்கும் கருவிகளுள் இவற்றினும் மலிவானவை உண்டோ, அறியேன். கருவுற்றோருக்குத் தடுப்பூசியும் தூய பிரசவமும் பரவிய பின், 2015-ல் இந்நோயை ஒழித்த நாடுகளின் வரிசையில் இந்தியாவும் சேர்ந்தது.

இதுவரை கூறியது பெரும்பாலும் குழந்தையைப் பற்றியதே. தாயின் நிலை வேறு. பிரசவத்துக்குப் பின் உதிரம் நில்லாது பெருகினால், நல்ல உடல்நலமுடைய பெண்ணும் இரண்டு மணி நேரத்திற்குள் இறக்கக்கூடும். குழந்தை வெளிவர வழியின்றித் தடைப்பட்டால் அறுவை வேண்டும். இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்தால் மெக்னீசியம் சல்பேட் ஊசி வேண்டும். எத்துணைத் தூய்மையான கையும் இவற்றுக்கு ஈடாகாது.

சிந்து மாநிலத்து லார்க்கானாவில் நடந்த ஆய்வொன்று இதைத் தெளிவுபடுத்துகிறது. அங்கு மருத்துவச்சியருக்குப் பயிற்சியும் பிரசவப் பையும் கொடுத்து, அரசின் பெண் சுகாதாரப் பணியாளரோடு அவர்களை இணைத்தனர். 2005-ல் வெளியான முடிவின்படி, பயிற்சி நடந்த வட்டங்களில் வயிற்றிலேயே இறந்த சிசுக்களும் பிறந்த முதல் வாரத்தில் இறந்த குழந்தைகளும் மற்ற வட்டங்களைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு குறைவு. தாய்மார் இறப்பும் குறைந்தே காணப்பட்டது. ஆனால் அது தற்செயலன்று என்று உறுதி கூறும் அளவுக்கு வேறுபாடு இல்லை. ஜாம்கேட்டில் பயிற்சி பெற்ற பெண்ணுக்குப் பின்னால் ஒரு மருத்துவமனை இருந்தது. ஆபத்து வரக்கூடிய கர்ப்பத்தை முன்னரே கண்டு அங்கே அனுப்புவது அவள் வேலையின் ஒரு பகுதி. அவ்வழி இல்லாத ஊரில், 'இது என்னால் ஆகாது' என்று அறியும் அறிவு இருந்தும் அவள் எங்கே கொண்டுபோவாள்?

இவ்வாறான ஐயங்களால் உலக நாடுகளின் போக்கு மாறியது. நம் அரசும் 2005-ல் ஜனனி சுரக்ஷா திட்டத்தின் வாயிலாக, மருத்துவமனைக்கு வந்து பிள்ளை பெறுவோருக்குப் பணம் தரலாயிற்று. 2005-06-ல் மருத்துவ நிலையங்களில் நடந்த பிரசவங்கள் 38.7 விழுக்காடு, 2019-21-ல் 88.6. ஓர் இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2001-03-ல் 301 தாய்மார் இறந்தனர். 2018-20-ல் 97 பேர். இம்மாற்றத்தைக் குறை கூற எனக்கு மனம் இல்லை.

ஆயினும் ஒன்று உறுத்துகிறது. அந்த மருத்துவமனைகளில் பலவற்றின் பிரசவ அறைக்குள் உறவினரை விடுவதில்லை. வலிப்பட்டவளை மல்லாக்கப் படுக்க வைத்து, அலறினால் அதட்டுவதும் உண்டு. தாயியோ அவளைக் குந்தியிருக்க விட்டு, முதுகை நீவி, இரவெல்லாம் பக்கத்தில் இருந்தாள். பிரசவ வேளையில் தாய் விரும்பும் துணை ஒருவர் உடனிருக்கவும், அவள் தனக்கு இசைந்த நிலையில் இருக்கவும் இடந்தர வேண்டும் என்று 2018-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. மருத்துவச்சிக்குப் பாடம் சொல்லச் சென்றவர்கள் அவளிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எண்ணவில்லை போலும்.