காரம் கூடினாலும் ஆபத்துதான்

நம்பிக்கை: உடம்பைக் காரத்தன்மையில் வைத்துக்கொண்டால் நோய் அண்டாது.

உண்மை: ரத்தத்தின் பிஎச் அளவு 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்க வேண்டும். 7.55-ஐத் தாண்டினால் விரல்கள் மரத்து இழுக்கும், வலிப்பு வரலாம், இதயத்துடிப்பு தாறுமாறாகும். இதற்குப் பெயர் ஆல்கலோசிஸ். பாட்டிலில் விற்கும் கார நீரால் இது வந்துவிடாது. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அது ரத்தத்தை அசைக்காது, பணம்தான் கரையும். ஆப்பசோடாவைத் தினமும் கரைத்துக் குடிப்பது வேறு கதை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது நிஜமாகவே வினை.

நம்பிக்கை: கைக்குழந்தையின் இரைப்பை வாசல் அடைத்திருந்தால் அன்றே ஆபரேஷன் செய்துவிட வேண்டும்.

உண்மை: பிறந்து மூன்று முதல் ஆறு வாரத்தில் பெரும்பாலும் வரும் சிக்கல் இது. பால் குடித்ததும் வாந்தி பீய்ச்சியடிக்கும். அதில் பித்தத்தின் பச்சை இருக்காது. வாந்தி எடுத்த கையோடு குழந்தை மறுபடி பாலுக்கு அழும். தடித்த தசையைக் கீறிவிடுவது சின்ன ஆபரேஷன்தான். ஆனால் முதலில் ரத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். வாந்தியோடு அமிலமும் குளோரைடும் போய்விட்டன. குளோரைடு இல்லாமல் சிறுநீரகத்தால் மிகுந்துபோன பைகார்பனேட் என்ற காரத்தை வெளியே தள்ள முடியாது. காரம் கூடிய ரத்தம் மூச்சையும் மந்தமாக்கும். அந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்தால் ஆபரேஷனுக்குப் பிறகு குழந்தைக்கு மூச்சு நின்றுபோகலாம். அதனால் முதலில் சலைன், சிறுநீர் பிரிந்ததும் பொட்டாசியம். குளோரைடு 100-ஐ எட்டி, பைகார்பனேட் 30-க்குக் கீழே இறங்கும்வரை பெரும்பாலும் காத்திருப்பார்கள். “டாக்டர் ஏன் இழுத்தடிக்கிறார்?” என்று வெளியே முணுமுணுக்கும் உறவினர்களுக்கு யாராவது இதைச் சொன்னால் தேவலை.

நம்பிக்கை: காரத்தை முறிக்க அமிலம்தான் ஏற்ற வேண்டும்.

உண்மை: நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பெரிய ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவது உண்டு, தீவிர சிகிச்சைப் பிரிவில், அதுவும் அபூர்வமாக. வாந்தியால் வந்தது பெரும்பாலும் சலைனுக்கும் பொட்டாசியம் குளோரைடுக்கும் அடங்கிவிடும். சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு டயாலிசிஸ்.

நம்பிக்கை: அதிமதுரம் நாட்டுமருந்து, பக்கவிளைவு கிடையாது.

உண்மை: மாதக்கணக்கில் அளவு மீறினால் பொட்டாசியம் இறங்கி, ரத்த அழுத்தமும் காரமும் ஏறும். இதற்குச் சலைன் பலிக்காது. அதிமதுரத்தை நிறுத்திப் பொட்டாசியத்தை ஈடுகட்ட வேண்டும். சிறுநீரில் குளோரைடு எவ்வளவு என்று பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம்: வாந்தி வகையில் லிட்டருக்கு 20 மில்லிஈக்விவலன்டுக்குக் கீழே இருக்கும், அதிமதுர வகையில் அதற்கு மேலே. டாக்டரிடம் மாத்திரைகளைச் சொல்லும்போது அதிமதுரத்தையும் சொல்லிவிடுங்கள். கேட்காமல் அவருக்குத் தெரிய வழியில்லை.