லேப்டாப் பேட்டரி நீடித்து உழைக்க...

● பேட்டரிக்கு முதல் எதிரி சூடு. மெத்தை, தலையணை மேல் வைத்தால் லேப்டாப்பின் அடியில் உள்ள காற்றுத் துவாரம் அடைபடும். மேஜை மேலோ பலகை மேலோ வைத்துப் பயன்படுத்துங்கள்.

● நாள் முழுக்க சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப்பா? சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி செட்டிங்கில் மாற்றுங்கள். புது மாடல்கள் பலவற்றில் இந்த வசதி உண்டு.

● அடியோடு தீரும்வரை விடாமல், 20 சதவீதத்துக்கு இறங்கியதும் சார்ஜ் போடுங்கள்.

● வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

● மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால், பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள்.

● டச்பேட் மேலெழும்பினாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அழுத்திப் பார்க்காதீர்கள். உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு செல்லுங்கள்.