மணப்பந்தரில் விருந்தினர்

மணவினைக்கு இன்றியமையாதவர் யாவர் என்று வினவின், மணமக்கள் என்றும், அவர்தம் பெற்றோர் என்றும், வினையை நடத்தும் குருவானவர் அல்லது புரோகிதர் என்றும் விடை கூறுவோம். விருந்தினரை அவ்வரிசையிற் சேர்க்க எண்ணோம். வந்து, உண்டு, வாழ்த்திச் செல்லுங் கூட்டம் அவர் என்பதே பலர் கருத்து. நம் நாட்டுச் சட்டமோ அவ்வாறு கருதவில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், குருவானவரையன்றிச் சாட்சிகள் இருவரேனும் உடனிருத்தல் வேண்டும் என்கிறது. இசுலாமியரின் நிக்காஹும் சாட்சிகளை வேண்டுவதே. 1967-ஆம் ஆண்டில் அன்றைய சென்னை மாநிலம் இந்து திருமணச் சட்டத்திற் புதிதாகச் சேர்த்த பிரிவு, எரியோம்பலும் புரோகிதரும் இன்றி, உறவினர் நண்பர் முதலியோர் முன்னிலையில் மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ செய்யும் மணமும் செல்லும் என்று வகுத்தது. அங்கே வந்திருப்போரின் முன்னிலையே மணத்துக்கு உறுதி. ஆகவே விருந்தினர் முதலிற் சாட்சி. பின்னரே உண்ண வந்தவர். அவர்தம் உடையும் ஒழுக்கமும் இந்நிலைக்கு ஏற்ப அமைதல் வேண்டும்.

இக்கருத்துப் புதியதன்று. அகநானூற்றின் 86-ஆம் பாட்டில் நல்லாவூர் கிழார் ஒரு மணவினையைக் காட்டுகின்றார். கால்களை நிரையாக நட்ட பந்தர், அதனுள்ளே பரப்பிய புதுமணல், ஏற்றிய விளக்கு, உழுந்து கலந்த களியோடு பெருஞ்சோறு. விடியற்பொழுதில் முதுபெண்டிர் நீர்க்குடங்களைத் தலையிற் சுமந்து வர, மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை வாழ்த்தி நீராட்டுகின்றனர். பின்னர்ச் சுற்றத்தார் ஆரவாரத்தோடு புகுந்து அவளைத் தலைவனிடம் கொடுக்கின்றனர். வேள்வித்தீயும் புரோகிதரும் அப்பாட்டில் இல்லை. வினை முழுவதையும் நடத்துவோர் வந்திருக்கும் மக்களே.

இனி உடையைப் பற்றிக் கூறுவோம். பட்டும் பொன்னும் எவ்வளவு வேண்டும் என்பது அவரவர் செல்வத்தைப் பொறுத்தது. மணமகளின் கூறையை மங்கச் செய்யாத அளவில் நிற்பதே அழகு என்பதற்குமேல் அதிற் சொல்ல ஒன்றுமில்லை. ஆராய்தற்குரியது நிறமே. வெண்மையை எடுத்துக்கொள்வோம். ஆடவர்க்கு வெள்ளை வேட்டி எவ்வீட்டு மணத்துக்கும் ஏற்றது. நம் திருச்சபைகளில் மணமகளே வெண்பட்டு உடுத்து, முக்காடிட்டு வருகின்றாள். திருநெல்வேலிச் சீமையில் ஆராதனைக்கு வெண்புடவையோடு வரும் மூதாட்டியரும் உளர். ஆனால் இந்து நண்பர் இல்லத்து மணத்துக்கு ஒரு பெண் கலப்பற்ற வெண்புடவையோடு சென்றால், அது கைம்மைக் கோலமாகத் தோன்றி வீட்டார் உள்ளம் துணுக்குறக் கூடும். கறுப்போ இதற்கு நேர்மாறானது. பந்தரில் அது விலக்கப்படும் நிறம். ஆலயத்திலோ மணமகனே பலகால் கறுப்பு அங்கி அணிந்து நிற்கின்றான். நிறத்திற் குற்றமில்லை, பொருள் காண்போர் கண்ணில் உள்ளது. பல சமயத்து மாணவரும் கலந்து பயிலும் நம் கல்லூரியில் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும். பிறர் வீட்டு மங்கலத்தில் அவர் மொழியிற் பேசுவதே பண்பு.

ஆயினும் இங்கே ஒன்று சொல்லாமற் போதல் இயலவில்லை. வெண்புடவையைக் கண்டு துணுக்குறும் அதே உள்ளந்தான், கணவனை இழந்த பெண் எந்நிறம் உடுத்து வந்தாலும் தூண் மறைவில் நிற்கச் செய்கின்றது. மணமகளைப் பத்துத் திங்கள் சுமந்த தாயாயினும் இவ்விலக்கு அவளை விடுவதில்லை. பழம்பாட்டின் நால்வரும் மங்கல மகளிராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரே. எனவே இவ்வெண்ணத்தின் வேர் நெடியது என்பதை மறைக்கவேண்டுவதில்லை. எனினும் சாட்சியாவார்க்குக் கைம்மை தடையென்று மேற்கூறிய சட்டங்களில் ஒன்றேனும் கூறவில்லை. விருந்தினர் பிறர் வீட்டு வழக்கத்தை மாற்ற வல்லவர் அல்லர். ஆயினும் பின்னிற்கும் அத்தாயை நாடிச் சென்று, வணங்கி, வாழ்த்துப் பெற்ற பின்னரே மணமேடைக்குச் செல்ல அவரால் இயலும். அவ்வாறு செய்யும் விருந்தினரை யாரும் தடுத்ததாக நான் கண்டதில்லை.

ஏனையவற்றைச் சுருங்கச் சொல்லலாம். காலணியைப் பந்தரின் புறத்தே நீக்குக. தாலி கட்டும் பொழுது கைப்பேசியை உயர்த்திப் படம் பிடிப்போர், பின்னிருக்கும் முதியோரின் காட்சியை மறைக்கின்றனர். சாட்சியாக வந்தவர் கண்ணாற் காண்பதே முறை. மொய்ப்பணம் நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என ஒன்று கூட்டி எழுதப்பெறும். அஃது ஏட்டில் ஏறிய கடன். தம் வீட்டு விசேடத்தில் திரும்பி வரும். அதனால், எழுத இயலாத ஏழை உறவினர் சிலர் வராமலே நின்றுவிடுகின்றனர். அழைக்கச் செல்வோர் தாம்பூலத் தட்டை நீட்டும்போதே, "நீங்கள் வந்து நின்றாற் போதும்" என்று சொல்லிவிடின் அக்கூச்சம் பெரிதும் நீங்கும்.

பந்தியில் அருகிருப்பவர் உண்டு முடிக்குமுன் எழுதல் தகாது. எழும்போது இலையைத் தம்மை நோக்கி மடித்தல் மணவீட்டு வழக்கம்; எதிர்ப்புறமாக மடித்தல் இழவு வீட்டுக்கு உரியது. பரிமாறும் முதியோர் இதனை உற்று நோக்குவர்.