ஊரில் விட்டதும் உடன் கொண்டதும்

ஊரை விட்டு வந்தோர்க்கு ஏக்கம் இயல்பே. எனினும் எதற்கு ஏங்குகிறோம், எதற்கு ஏங்கவில்லை என்று பிரித்துப் பார்ப்பது நலம். வரவு, பற்று இரண்டையும் எழுதினால்தானே கணக்கு நேராகும்!

முதலில் வரவு. நாகூர்க் கந்தூரியின் கொடியேற்றம், நோன்புக் கஞ்சி, பெயர் சொல்லி அழைக்கும் தெரு ஆகியவற்றுக்கு ஏங்கிய நம் முன்னோர் சும்மா இருந்துவிடவில்லை. சிங்கப்பூர்த் தெலுக் ஆயர் வீதியில் 1828க்கும் 1830க்கும் இடையே நாகூர் தர்காவின் சாயலில் ஒரு கட்டடம் எழுப்பினர். பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி இன்றும் காய்ச்சுகிறோம்.

இனிப் பற்று. கடையநல்லூர் நெசவுக் குடும்பங்களைக் கேளுங்கள். மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறும், வேலை நிற்கும், நூல் வாங்கிய கடன் நிற்காது. அதற்கு எவரும் ஏங்குவதில்லை. பெண்ணைக் கட்டிக் கொடுக்கக் கைக்கூலி தேடி வீட்டை அடகு வைத்ததற்கும் ஏங்குவதில்லை. தங்கையின் கல்யாணக் கடனுக்காகவே கப்பலேறியோர் நம்மில் உண்டு.

நம் பிள்ளைகளிடமோ வரவுப் பக்கத்தை மட்டும் படித்துக் காட்டுகிறோம். கந்தூரியை அறிந்த பிள்ளை, பாட்டனார் ஏன் கப்பலேறினார் என்பதை அறியவில்லை. அறியாத காரணத்தால், அதே கைக்கூலி “அன்பளிப்பு” என்னும் பெயரில் இங்கும் நுழையும்போது அதனை அடையாளம் காண்பதில்லை. மார்க்கம் விதித்தது மணமகன் கொடுக்கும் மஹர். அவன் வாங்கும் தொகை அன்று.

ஆகவே சகோதரர்களே, கஞ்சியின் சுவையைச் சொல்லும் அதே வாயால் கடனின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்வோம். நம் வீட்டுக் கல்யாணத்தில் கைக்கூலி கேளாதிருப்போம்.