ஊர்ப் பெயர்களும் நம் கைப் பத்திரங்களும்

கணக்கெழுதும் நமக்கு ஊர்ப் பெயர் வெறும் சொல்லன்று. சரக்கு எங்கிருந்து வந்தது, பாக்கி எங்கே நிற்கிறது, நிலம் எங்கே கிடக்கிறது என்பதைக் காட்டுவது அதுவே. அந்நிய ஆட்சி அகன்றபின் இவ்வட்டாரத்தில் பல ஊர்களின் பெயர் மாறிவிட்டது. அம்மாற்றத்தை அறிந்து வைத்தல் வணிகர்க்கு மிக அவசியமாகும்.

முதலாவது, வெள்ளைக்காரப் பிரமுகர்களின் பெயரைச் சுமந்த ஊர்கள். கிள்ளான் ஆறு கடலில் சேருமிடத்தில் 1901-இல் திறந்த துறைமுகத்துக்குப் பிராங்க் சுவெட்டன்ஹாம் துரையின் பெயரை இட்டனர். 1972-இல் அது போர்ட் கிள்ளான் ஆயிற்று. வட போர்னியோ கம்பெனியின் உதவித் தலைவரான சார்லஸ் ஜெசல் பெயரால் 1899-இல் எழுந்த ஜெசல்டன், 1967-இல் அந்நாட்டு மலையின் பெயரை ஏற்றுக் கோத்தா கினபாலு ஆயிற்று.

இரண்டாவது, பழம்பெயருக்கே திரும்பிய ஊர்கள். பேராக்கிலுள்ள தெலுக் மாக் இந்தானைப் பிரிட்டிஷார் தெலுக் ஆன்சன் ஆக்கினர். மாக் இந்தான் என்பவர் வணிகம் செய்த ஒரு மாது என்பர். 1982-இல் ஊர் தெலுக் இந்தான் என்று அவர் பெயருக்கே மீண்டது. ஜாவாவில் ஜெயகர்த்தாவை 1619-இல் டச்சுக்காரர் அழித்துப் பத்தாவியாவைக் கட்டினர். மூன்று நூற்றாண்டுக்கு மேல் அப்பெயர் நின்றது. ஆயினும் பழம்பெயர் மறையவில்லை; இன்று ஜகார்த்தா என்று வழங்குவது அதுவே.

மூன்றாவது, மாறாத ஊர்கள். ஜார்ஜ் டவுனும் பட்டர்வொர்த்தும் இன்றும் ஏட்டில் அப்படியே உள்ளன. ஆனால் மலாய் மக்கள் பேச்சில் அவை தஞ்சோங், பாகான். ஏட்டுப் பெயர் ஒன்று, வாய்ப் பெயர் வேறு என்பதும் நாம் அறியத்தக்கதே.

தாயகத்திலும் இதற்குச் சான்று உண்டு. சோழமண்டலக் கரையில் ஐரோப்பியர் போர்ட்டோ நோவோ என்ற ஊரை நம்மவர் பரங்கிப்பேட்டை என்றனர். முன்னதன் பொருள் புதுத் துறைமுகம்; பின்னது பரங்கியரின் பேட்டை. பரங்கியர் போய்விட்டனர், அவர்கள் வந்த செய்தி நம் சொல்லிலேயே நிற்கிறது. ஆகவே பெயரை மாற்றினால் சரித்திரம் அழிந்துவிடும் என்று அஞ்சவேண்டாம். ஆனால் எழுதி வைக்காவிட்டால் நம் உரிமை மறைந்துபோகக் கூடும்.

வாப்பா மவுத்தான பின் பெட்டியைத் திறக்கும் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். பத்திரத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்றிருக்கும். அப்படியோர் ஊர் இன்றைய படத்தில் இல்லை. விசாரிக்காமல் அதைப் பழங்காகிதம் என்று ஒதுக்கினால், வாரிசுகளின் பங்கும் வக்ஃபு நிலமும் கைவிட்டுப் போகலாமன்றோ?

ஆகையால் நாம் செய்ய வேண்டியவை மூன்று. மூலப் பத்திரத்தில் ஓர் எழுத்தையும் திருத்தாதீர்கள். அடித்தல் திருத்தல் சந்தேகத்துக்கு இடமாகும். தனித்தாளில் பழைய பெயர், புதிய பெயர், மாறிய ஆண்டு ஆகியவற்றை எழுதிப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். வீட்டிலுள்ள மூத்தவர்கள் எந்த ஊரை எப்படி அழைத்தார்கள் என்பதை அவர்கள் இருக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்குச் செலவு ஒரு தாளும் சிறிது மையும்தான். அதனால் காக்கப்படுவது தலைமுறைகளின் தேட்டமாகும்.